இரண்டாவது சத்தம்

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குக் கண் பாதி, காது பாதி. வரிசை கோணினால் கண் சொல்லிவிடும். கல்லுக்கு அடியில் கலவை சேராமல் காற்று நின்றுபோனால் அதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஒட்டிய மறுநாள் கலவை பூசும் கரணையின் கட்டைப் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். முழுசாக உட்கார்ந்த கல் 'டொக்' என்று சுருக்கமாகப் பேசி நிறுத்திக்கொள்ளும். உட்காராத கல் சத்தத்தைக் கொஞ்சம் இழுக்கும். அதற்குப் பொக்கு என்று பெயர். பொக்கான கல்மேல் பீரோக் கால் ஏறினால் அன்றைக்கே விரிசல் விட்டுவிடும்.

டைல்ஸ் கொத்தனார் சங்கிலிக்கு ஐம்பது வயது முடியும் முன்பே வலது காது போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மிஷினை வலது பக்கமாகவே பிடித்து அறுத்த பலன். இடது காதும் அதன் பின்னாலேயே கிளம்பத் தயாராக நின்றது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சொல்லாததைக் கல் சொல்லிவிட்டது. ஆனையூர்ப் பக்கம் ஒட்டிக் கொடுத்த வீட்டில் ஒரே மாதத்தில் பதினோரு கல் வெடித்தது.

காண்ட்ராக்டர் சூரியபிரகாஷ் அவனைவிட இருபது வயது இளையவன். இன்ஜினியரிங் படித்தவன், சத்தம் போட மாட்டான். மெதுவாகப் பேசுவான். அதுதான் பயம்.

"அண்ணே, ஒன்னையத் திட்டுற வயசு எனக்கில்ல. ஆனா அடுத்த வீட்ல நான் கம்பிய வச்சுத் தட்டுவேன். மூணு கல்லு பொக்குன்னு வந்தா, கரணைய என்ட்டக் குடுத்துட்டுக் கலவை தூக்கு. அதுக்குக் காது வேணாம்ல."

கொத்தனாராக இருந்தவன் அதே ஆட்களுக்கு நடுவில் கலவைச் சட்டி தூக்குவது என்றால் என்னவென்று சட்டி தூக்கியவனுக்குத் தெரியும். சங்கிலி எட்டு வருஷம் தூக்கிவிட்டுத்தான் கரணை பிடித்தான். நேற்று வரைக்கும் "கொத்தனாரே" என்றவன் நாளைக்கு "ஏய், இங்கிட்டு ஒரு சட்டி" என்பான்.

அடுத்த வீடு கே.கே. நகரில். தெரசா டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் ஞானசீலன் காலமாகி ரெண்டு வருஷம். ஒரே மகள் ஆஷ்லின், காலேஜ் முடித்துவிட்டு கீபோர்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கத் தரை மாற்ற வேண்டும். கடைசியாகப் பின்னாலிருக்கும் அறை. அது மகளுக்குப் பாட்டு அறையாம்.

முதல் நாளே சங்கிலி அவளைக் கவனித்தான். மாடிப்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன் 'டொய்ங்' என்னும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டொய்ங்'. இவள் எதையோ அமுக்குவாள்.

"என்ன பாப்பா, போனு கேள்வி கேக்குதா?"

"ஆமாண்ணே. இது காதுக்கு டியூசன். பரீட்சையில காதையும் சோதிப்பாங்க. மொத ஒரு சத்தம் வரும். அத மனசுல வச்சுக்கணும். அப்புறம் ரெண்டாவது. அது மேல போச்சா, கீழ எறங்குச்சா, இல்ல ரெண்டும் ஒண்ணுதானா? அம்புட்டுதான் கேள்வி. சரியா அமுக்குனா பச்ச. தப்புன்னா செவப்பு."

"செவிட்டுக் காதுக்கும் சொல்லித் தருமா?"

"காது செவிடுன்னா டாக்டரப் பாக்கணும். கவனம் செவிடுன்னா இதப் பாக்கணும்," என்று சிரித்தாள். அவன் போனை வாங்கி அதிலும் ஏற்றிக் கொடுத்தாள். எழுத்தே வேண்டியதில்லை. மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு, நடுவில் ரெண்டு கோடு.

அன்றிலிருந்து சங்கிலிக்கு அதுவே பிழைப்பாயிற்று. கீழக்குயில்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் இடது காதை ஜன்னல் பக்கம் காட்டாமல் உட்கார்ந்து கேட்டான். டீக்கடையில் கேட்டான். முதல் ரெண்டு நாள் போன் முழுக்கச் செவப்பு. பெண்டாட்டி முனியாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கச்சேரி எப்பங்க? சொன்னீகன்னா நல்ல சேலையா எடுத்து வைப்பேன்."

"வேலைக்குடி. காது கூராகணும்."

"நான் சொல்றது மட்டும் ஏன் அந்தக் காதுல விழுக மாட்டேங்குது?"

பத்தாவது நாள் வாக்கில் என்னவோ திறந்துகொண்டது. காது திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வலது காது கட்டையாகத்தான் இருந்தது. ஆனால் இடது காதில் விழுவது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. பஸ் மேட்டில் ஏறும்போது இன்ஜின் எத்தனை படி இறங்குகிறது என்று தெரிந்தது. கல்லைத் தட்டினால், அதன் எந்த மூலையில் பசை கம்மி என்றுகூடத் தெரிந்தது. ஹாலை முடித்த மறுநாள் சூரியபிரகாஷ் இரும்புக் கம்பியோடு வந்து முழங்கால் போட்டு நூற்றுச் சொச்சம் கல்லையும் தட்டினான். ஒன்றுகூடப் பொக்கு இல்லை.

"என்னண்ணே, காதுக்குச் சாணை பிடிச்சியா?" என்றான்.

கலவை போட்டுக் கொடுக்கும் கருத்தக்கண்ணன், சங்கிலிக்கு மாப்பிள்ளை முறை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "மாமா இப்ப பாட்டு வாத்தியாரு, சார். என் கலவை சுதி சேரலன்னு நேத்துத் திருப்பி அனுப்பிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலியும் சிரித்தான். கரணை தப்பித்தது என்று அவன் நினைத்தது அன்றைக்குத்தான்.

பின் அறை மட்டும் மிச்சம். அதில் பழைய மொசைக் தரை. இப்போதெல்லாம் மொசைக்கைக் கொத்துவதில்லை. அதன் மேலேயே பசை தடவி ஒட்டிவிடுவார்கள். கதவைத் திறந்ததும் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சித்திரை வெயில் வெளியே தீயாக அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த எடத்துல முன்ன வயக்காட்டுக் கெணறு ஒண்ணு இருந்துச்சு," என்றார் டீச்சர். "நாங்க எடம் வாங்குனப்ப இங்கிட்டு வீடே கெடையாது. எங்க வீட்டுக்காரர் கூடவே நின்னு நாப்பது டிராக்டர் மண்ணு கொட்ட வச்சாரு. அதுக்கு அப்புறந்தான் கட்டுனது."

சங்கிலி தட்டிப் பார்த்தான். நான்கு மூலையும் முழுசு. நடுவும் முழுசு. கெட்டித் தரை.

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனார்கள். குளிர்ச்சிக்காக அவன் அங்கேயே முதுகைச் சாய்த்து, போனைப் பக்கத்தில் தரையில் வைத்துக் கேள்வியைத் தட்டினான்.

முதல் சத்தம் போனிலிருந்து வந்தது. இரண்டாவது முதுகுக்கு அடியிலிருந்து வந்தது.

கொஞ்சம் கீழே இருந்தது. அவன் பழக்கத்தில் கீழ் அம்பை அமுக்கினான். பச்சை. அடுத்தது. முதல் சத்தம் போனில். இரண்டாவது தரையில். கீழ் அம்பு. பச்சை. காலி அறை, சத்தம் எதிரொலிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். எதற்கும் பார்ப்போம் என்று போனில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மறுபடியும் தட்டினான். முதல் சத்தம் வரவில்லை. இரண்டாவது வந்தது.

அவன் எழுந்து வெளியே வந்து வெயிலில் நின்றான். கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துக் கேட்கச் சொன்னான். அவன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"கேக்குது மாமா."

"என்ன கேக்குது?"

"என் வகுறு. இன்னும் நான் சாப்புடல."

ஆனால் வாசலில் நின்றிருந்த ஆஷ்லின் சிரிக்கவில்லை. கருத்தக்கண்ணன் போனதும் கிட்டே வந்தாள்.

"உங்களுக்கும் கேக்குதாண்ணே?"

சங்கிலி ஆமாம் என்று தலையாட்டினான்.

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். இந்த ரூம்ல உக்காந்தா தப்பே வராதுண்ணே. அதான் அம்மாட்ட இந்த ரூமக் கேட்டு வாங்குனேன். ஹால்ல உக்காந்தா பாதி செவப்பு. இங்க முழுசும் பச்ச."

"யாரு பாப்பா சொல்லித் தாரது?"

"தெரியல. மொதல்ல ரொம்பக் கீழ இருந்துச்சு. கிறிஸ்மஸ் சமயம். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா மேல வந்துருச்சு. இப்ப இம்புட்டுதான் வித்தியாசம்." விரல் இடுக்கில் ஒரு அரிசி அளவு காட்டினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. புது உறவுக்காரர் வரப்போகிற வீட்டில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம். பேச்சுதான் ஒரே மட்டத்தில் போனது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முன்பு அவள் அப்படிப் பேசியதில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. முனியாயி குடத்தை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரியோடு வாயாடிக்கொண்டிருந்தாள். குடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறையும் நேரத்துக்குக் கை தானாகப் போய்க் குழாயை மூடியது.

"பாக்காமயே எப்புடிடி மூடுற?" என்றான் சங்கிலி.

"இதென்ன கேள்வி. சத்தம் மேல ஏறுதுல்ல? கீழ இருக்கப்ப தொம்முனு கேக்கும். மேல வர வரக் கீச்சுன்னு ஆகும். வாய்க்கு வந்துருச்சுன்னா மூடிற வேண்டியதுதான். போனு இல்லாமலே எங்களுக்குத் தெரியும்."

அவன் கையிலிருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது. கிறிஸ்மஸ் சமயம் ரொம்பக் கீழே, இப்போது அரிசி அளவு; பாப்பா சொன்ன அந்தச் சத்தமும் வாய்க்கு ஏறி வந்துகொண்டிருந்தது.

அன்று சூரியபிரகாஷ் பைக்கை நிறுத்துவதற்கு முன்பே போய் நின்றான். "தம்பி, பின் ரூம்பு மொசைக்கக் கொத்திப் பாத்துட்டு ஒட்டுவம். அடியில என்னமோ இருக்கு."

சூரியபிரகாஷ் கம்பியை எடுத்துப் போய்த் தட்டினான். அறை முழுக்கத் தட்டினான். "முழுசா இருக்கேண்ணே. நீயே தட்டிப் பாத்தேன்னு சொன்னியே?"

"தட்டுனா முழுசுதான். தட்டாம இருந்தாக் கேக்குது."

சூரியபிரகாஷ் கம்பியைக் கீழே வைத்தான். "ஞாயித்துக்கிழமை ஃபாதர் வந்து வீடு மந்திரிக்கிறாரு. சொந்தக்காரங்க எல்லாம் வாராங்க. நல்ல தரையக் கொத்துறேன்னு நான் டீச்சர்ட்டப் போய் நிக்கவா? ஒட்ட முடியாதுன்னா சொல்லுண்ணே, கோவிச்சுக்க மாட்டேன். கரணைய வச்சுட்டுப் போ. வேற ஆளு ஒட்டுவான்."

சங்கிலி கரணையைப் பார்த்தான். பிடி அவன் கைக்குத் தேய்ந்த பிடி. வேறு ஆள் வந்தாலும் அதே இடத்தில்தான் ஒட்டப் போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாம் போனால் தரை நிற்கப் போவதில்லை, நம் பிழைப்புதான் நிற்கும். இப்படி எல்லாம் நினைக்க மனுஷனுக்கு எப்போதும் வழி இருக்கிறது.

ஒட்டினான். வாழ்நாளில் அப்படி ஒட்டியதில்லை. பல்கரணையால் பசையை மூலைவரைக்கும் சீவி, கல்லை வைத்து, ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்தான். ஆஷ்லின் ஒட்டாத பக்கத்து மொசைக்கில் உட்கார்ந்திருந்தாள். கல் வரிசை நெருங்க நெருங்க நகர்ந்துகொண்டாள். சில சமயம் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வாள். "மெத்தைய விட்டுட்டுத் தரையில கெடக்கா, சரியாச் சாப்புடுறதும் இல்ல. பரீட்சை வந்தா இவளுக்கு இதே வேல," என்று டீச்சர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு சூரியபிரகாஷ் கடைசிக் கல்லையும் தட்டிவிட்டு எழுந்தான். ஒரு பொக்கு இல்லை. சங்கிலியின் தோளில் கை போட்டான். "அண்ணே, நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இனிமே மத்த கொத்தனாருக ஒட்டுனதையும் நீதான் வந்து தட்டிச் சொல்லணும். ஒன் காது சொன்னா அதுதான் முடிவு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவனுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். ஆஷ்லின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது அவள் போனில் கடைசிப் படி. சத்தம் கேட்டுவிட்டு அதே சத்தத்தைப் பாடிக் காட்ட வேண்டும். முதல் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. அவள் பாடினாள். கீழேயிருந்தும் வந்தது. முதலில் ரெண்டாகத்தான் கேட்டது. அவள் குரல் இது, மற்றது அது என்று அவன் காது பிரித்து வைத்தது. பிறகு ரெண்டும் நெருங்கின. பிறகு ஒன்று மட்டும் இருந்தது.

சங்கிலி குழாயை மூடினான். இடது காதை ஜன்னல் பக்கம் திருப்பி, பதினைந்து நாளாகப் பழகியதையெல்லாம் கூட்டிக் கேட்டான். எது பாப்பா என்று தெரியவில்லை. பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடத்தில் அறுபடுமே, அந்த அறுப்புக்காகக் காத்திருந்தான். அவன் ரெண்டு மூச்சு விட்டான், ஆறு மூச்சு விட்டான், பத்து மூச்சு விட்டான். அது அறுபடவே இல்லை.

"நல்லாப் பாடுது மாமா," என்றான் கருத்தக்கண்ணன், சட்டியைக் கழுவிக்கொண்டே. "இம்புட்டு நேரமாப் பாடுது, தொண்ட வலிக்காது?" சொல்லிவிட்டு அவனே கழுவுவதை நிறுத்தினான்.

கதவைத் திறந்து பாப்பாவைத் தூக்கி வரலாம். நாளைக்கு மறுபடியும் அதே அறைக்குப் போவாள். கிணறு என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. தரையைத் திறக்க வைக்க ஒரு கொத்தனாரிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதைச் சொன்னவனிடம் கரணை மிஞ்சாது. சங்கிலி ஈரக் கையோடு முன்வாசலுக்குப் போனான். அங்கே டீச்சரும் சூரியபிரகாஷும் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, பின் ரூம்பு பொக்கு."

"என்னண்ணே, இப்பத்தான தட்டுனேன்."

"நாலு மூலையிலயும் நடுவுலயும் மட்டும் பசைய உருட்டி வச்சு ஒட்டிட்டேன். அவசரத்துல ஏமாத்திட்டேன். இப்பக் காயலை, அதான் சத்தம் முழுசா வருது. காஞ்சா அம்புட்டும் வெடிக்கும்." டீச்சர் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "டீச்சரம்மா, தப்பு என்னோடதுதான். உங்க பாப்பா நடமாடுற தரை. இப்பவே பேத்துருவோம்."

சூரியபிரகாஷின் முகம் சுருங்கியது. டீச்சர் காதில் விழுந்துவிட்ட சொல். அவர் பின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, "பேத்துருங்க," என்றார்.

கதவைத் தள்ளினார்கள். ஆஷ்லின் புதுக் கல்லின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் தரையில் ஒட்டியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தம் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் ஓடிப்போய் அவளைத் தூக்கி மடியில் போட்டார். வாயைத் தரையிலிருந்து எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. தரையில்தான் இருந்தது.

சங்கிலி நடுக்கல்லில் சம்மட்டியைப் போட்டான். கல் நாலாகப் பிளந்து எழுந்தது. அடியில் பசை மூலைக்கு மூலை சீவிய கோடுகளோடு ஈரமாக, முழுசாக இருந்தது. சூரியபிரகாஷ் குனிந்து பார்த்தான்.

"அண்ணே. பசை முழுசா இருக்கே."

சங்கிலி சம்மட்டியை ஓங்கினான். மொசைக்கில் போட்டான். "நிறுத்துண்ணே." மறுபடியும் போட்டான். ஐந்தாவது அடிக்கு மொசைக்கும் அதன் கீழ்ச் சல்லியும் உடைந்து உள்வாங்கின. அப்போது தரைக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. குளிர்ந்த மூச்சு. ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்தவர் விட்ட மாதிரி நீளமாக வந்து அறையைக் கடந்து போனது. சத்தம் நின்றது. கருத்தக்கண்ணன் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடப்பாரையை விட்டுப் பார்த்தார்கள். மண். இறுகிய செம்மண். கடப்பாரை ஒரு சாண்கூட இறங்கவில்லை. வெளியே எடுத்தபோது நுனி நனைந்திருந்தது.

"மண்ணுதான்," என்றான் சூரியபிரகாஷ் மெதுவாக. "கெட்டி மண்ணு. நல்லா ஒட்டுன தரை, நல்ல பசை, நல்ல மொசைக்கு. எதுக்குண்ணே பொய் சொன்ன?"

சூரியபிரகாஷ் கையை நீட்டினான். சங்கிலி கரணையைத் துடைத்து அந்தக் கையில் வைத்தான்.

வீடு மந்திரிப்பை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். திங்கட்கிழமை திருமங்கலத்திலிருந்து ஒரு புதுக் கொத்தனார் வந்தான். உடைந்த இடத்தை மூட வேண்டாம், அந்த ஒரு கல் அளவுக்கு மண்ணாகவே கிடக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சுற்றி உடைந்த கல்லை மட்டும் மாற்றினார்கள். புதுக் கொத்தனார், "ஏய், இங்கிட்டு ஒரு சட்டி," என்றான். சங்கிலி சட்டியைத் தூக்கினான். தூக்கியதும் நடுமுதுகில் எட்டு வருஷம் சட்டி தூக்கிய பழைய வலி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கருத்தக்கண்ணன் வழியில் மறித்துச் சட்டியை வாங்கிக்கொண்டான்.

ஹாலில் ஆஷ்லின் கால் நீட்டி உட்கார்ந்து போனில் பாடிக்கொண்டிருந்தாள். செவப்பு. மறுபடியும் செவப்பு. அவனைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் தப்பாவே வருதுண்ணே. எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு."

"பாடு பாப்பா. கேப்போம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினாள். சங்கிலி இடது காதைக் கொடுத்துக் கேட்டான். குரல் போன் சத்தத்தைவிட ஒரு அரிசி அளவு கீழே இறங்கிப் போனது. நடுவில் நடுங்கியது. பாதியில் மூச்சு முட்டி, அறுந்து, இருமினாள்.

போனில் செவப்பு விழுந்தது.

"இன்னொருக்கா," என்றான் சங்கிலி.